டோரன்ட் மட்டும் ஏன் நகரமாட்டேன் என்கிறது? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மோடத்தைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர், "கம்பெனிக்காரன் வேணும்னே ஸ்லோ பண்றான் சார்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். சில சமயம் அது உண்மை. பல சமயம் இல்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். டோரன்ட் என்பது பெரிய கோப்புகளை ஆளுக்கு ஆள் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்ளும் முறை.

ஸ்பீடு டெஸ்ட்டில் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. டோரன்ட் மட்டும் 300 கேபியிலேயே நிற்கிறது. கம்பெனிதான் குறைக்கிறதா?

இருக்கலாம். அதற்கு முன்னால் ஒரு கணக்கு. ஸ்பீடு டெஸ்ட் காட்டுவது பிட், டோரன்ட் மென்பொருள் காட்டுவது பைட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக, 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 எம்பிக்கு மேல் வராது. "12தானே வருது, மிச்சம் எங்கே?" என்று சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 300 கேபி என்றால் கணக்குக் கோளாறு இல்லை, வேறு ஏதோ இருக்கிறது.

கோப்பை முழுசாக வைத்திருக்கும் சீடர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். இரண்டே பேர், அதில் ஒருவர் பிரேசிலில் ஓட்டை இணைப்போடு உட்கார்ந்திருக்கிறார் என்றால் உங்கள் 100 எம்பிபிஎஸ் என்ன செய்யும்?

கடைக்கு வரும் கேஸ்களில் நான் அதிகம் பார்ப்பது சிஜிநாட். இணையத்தில் கதவு எண் மாதிரி இருப்பது ஐபி முகவரி. அதில் பழைய வகை உலகம் முழுக்கத் தீர்ந்துபோய்விட்டது. அதனால் பல நிறுவனங்கள், குறிப்பாகச் சின்ன நிறுவனங்கள், ஏகப்பட்ட வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. ஒரு தெருவுக்கே ஒரே கதவு எண் கொடுத்த மாதிரி. நீங்கள் வெளியே போய் யார் வீட்டுக் கதவையும் தட்டலாம். உங்களைத் தேடி வருகிறவருக்கு உங்கள் வீடு எது என்று தெரியாது. யூடியூபுக்கு இது பிரச்சினையே இல்லை, ஏனென்றால் அங்கே எப்போதும் நீங்கள்தான் தட்டுகிறீர்கள். டோரன்ட்டில் இரண்டு பக்கமும் தட்ட முடிந்தால்தான் ஓட்டம் இருக்கும். ரவுட்டருக்குள் போய் வேன் ஐபி (WAN IP) என்ற இடத்தைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் அது சிஜிநாட். 10 என்று தொடங்கினாலும் அதே கதைதான். தனிப் பொது ஐபி கேட்டு வாங்கலாம், மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். ஐபிவி6 என்ற புது வகை முகவரி கொடுக்கிற நிறுவனமாக இருந்தால் அதை ஆன் செய்தாலே பாதி சரியாகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்லோடு வழி முழுக்க நிரம்பிவிட்டால் டவுன்லோடும் படுத்துவிடும். ஒவ்வொரு துண்டு வந்து சேர்ந்ததும் "வந்துவிட்டது" என்று உங்கள் கணினி பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பதிலே வரிசையில் மாட்டிக்கொண்டால் எதிர்ப்பக்கம் அடுத்த துண்டை எப்படி அனுப்பும்? மென்பொருளில் அப்லோடு வேகத்தை உங்கள் இணைப்பின் முக்கால் பங்குக்கு மேல் போகாமல் கட்டிவையுங்கள். முழுசாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் அடுத்தவர்களும் உங்களுக்குக் கொடுப்பதைக் குறைத்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் கம்பெனியைச் சந்தேகப்படலாம்.

டோரன்ட் மேல் கம்பெனிகளுக்கு அப்படி என்ன கோபம்?

டோரன்ட் முறையை 2001ல் எழுதியவர் பிராம் கோஹன் என்ற அமெரிக்கர். கோப்பு ஒரே சர்வரிலிருந்து வராது. துண்டு துண்டாகப் பிரிந்து, ஏற்கெனவே வாங்கியவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தருவார்கள். நீங்களும் வாங்கிக்கொண்டே கொடுப்பீர்கள்.

கம்பெனிகள் கம்பி போட்டபோது, வீட்டுக்காரர்கள் வாங்குவார்கள், கொடுக்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் போட்டன. டெலிபோன் வயரில் வந்த ஏடிஎஸ்எல் 2 பிளஸ் இணைப்பில் இறங்குவழி (டவுன்லோடு) 24 எம்பிபிஎஸ் வரை, ஏறுவழி (அப்லோடு) ஒன்று சொச்சம். கேபிள் மோடத்தில் அந்தக் குறுகிய ஏறுவழியும் பல வீடுகளுக்குப் பொது. அதில் ஒருவர் ராப்பகலாக அப்லோடு ஓட விட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கு மெயில்கூடப் போகாது. கம்பெனி பக்கத்தில் நின்று பார்த்தால் எரிச்சல் நியாயமானதுதான். அந்த எரிச்சலில் அவர்கள் கையில் எடுத்த வழிதான் சரியில்லை.

டோரன்ட் எழுதுகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. வரிசை நீளுகிறது என்று தெரிந்தால் தானாக ஒதுங்கி வழிவிடும் முறை ஒன்றைச் சேர்த்தார்கள். இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2012ல் அதை லெட்பேட் என்ற பெயரில் ஆவணமாகவே வெளியிட்டது.

டோரன்ட்டே சட்டவிரோதம்தானே? அப்புறம் குறைத்தால் என்ன தப்பு?

இல்லை. அரிவாள் மாதிரிதான், கதிரும் அறுக்கலாம். உபுண்டு, டெபியன், லிப்ரே ஆபீஸ் போன்ற இலவச மென்பொருள்கள் எல்லாம் டோரன்ட்டிலேயே அதிகாரபூர்வமாகக் கிடைக்கின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ் தன் கோப்புகளுக்கு டோரன்ட் தருகிறது. புதுப் படத்தைத் திருட்டுத்தனமாக இறக்கினால் அது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதைப் பிடிப்பது போலீசும் கோர்ட்டும் செய்ய வேண்டிய வேலை. கம்பி இழுத்துக் கொடுத்தவர் உள்ளே எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

வேகத்தை எப்படிக் குறைக்கிறார்கள்? யாராவது கையும் களவுமாக மாட்டியிருக்கிறார்களா?

மாட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் பெரிய கேபிள் நிறுவனமான காம்காஸ்ட்தான் உலகறிந்த உதாரணம்.

காம்காஸ்ட் வாடிக்கையாளர்களில் ராப் டொபோல்ஸ்கி என்று ஒரு நெட்வொர்க் பொறியாளர். நான்கு பேர் சேர்ந்து பாடும் பழைய அமெரிக்கப் பாட்டு வகை ஒன்றில் அவருக்குப் பைத்தியம். உரிமைக் காலம் முடிந்த அந்தப் பழைய ஒலிப்பதிவுகளை டோரன்ட் வகைச் செயலிகளில் பகிர்ந்துகொண்டிருந்தார். 2007ல் அவருடைய அப்லோடு மட்டும் அடிக்கடி அறுந்தது. மற்றவர்கள் ரவுட்டரை அணைத்துப் போட்டிருப்பார்கள். இவர் கம்பியில் போகிற டேட்டாத் துண்டுகளான பாக்கெட்டுகளையே பிடித்துப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் அனுப்பாத ஒரு "தொடர்பை முடித்துக்கொள்வோம்" செய்தி, அவர் அனுப்பியது போலவே வந்துகொண்டிருந்தது.

நம் ஊர்ப் பாணியில் சொன்னால், பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவில் ஒருவன் புகுந்து, "அவங்க வேண்டாங்கறாங்க" என்று இரண்டு பக்கமும் பொய் சொல்லிச் சம்பந்தத்தைக் கலைப்பது. பேச்சு முறிந்துவிடும், யார் முறித்தது என்று இரு வீட்டாருக்கும் தெரியாது.

அதே ஆண்டு அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தானே சோதித்துப் பார்த்தது. அவர்கள் பகிர முயன்ற கோப்பு எது தெரியுமா? பைபிள். அதுவும் சரியாகப் போகவில்லை. 2008 ஆகஸ்டில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, 3க்கு 2 என்ற வாக்கில், நிறுவனம் செய்தது தவறு என்று உத்தரவிட்டது. 2010 ஏப்ரலில் அப்பீல் கோர்ட் அந்த உத்தரவையே ரத்து செய்தது. காம்காஸ்ட் செய்தது சரி என்று கோர்ட் சொல்லவில்லை, கேட்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. அங்கே அன்றைக்கு ஆரம்பித்த இழுபறி வருஷக்கணக்கில் நீண்டது: 2015ல் கடுமையான விதி, 2017ல் அதை நீக்க வாக்கு, 2024ல் மறுபடி விதி, 2025 ஜனவரியில் கோர்ட் அதையும் தள்ளியது.

பொய்ச் செய்தி அனுப்புவதுதான் ஒரே வழி என்றில்லை. டோரன்ட் வழக்கமாகப் பயன்படுத்தும் போர்ட் எண்களை (கணினியில் ஒவ்வொரு செயலிக்கும் இருக்கும் வாசல் எண் மாதிரி) பார்த்துக் குறைக்கலாம், 6881 முதல் 6889 வரை அந்தக் காலத்தில் பிரசித்தம். பாக்கெட்டைத் திறந்து அதன் சாயலைப் பார்த்து, கடைசி வரிசையில் தள்ளலாம். இந்த இரண்டாவது வகைதான் கண்டுபிடிக்கக் கஷ்டம். எதுவும் அறுவதில்லை, வெறுமனே நத்தை வேகத்தில் நகரும்.

நெட் நியூட்ராலிட்டி என்றால் என்ன? எளிமையாகச் சொல்லுங்கள்.

இந்தச் சொல்லை 2003ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ. தமிழில் இணையச் சமநிலை, இணையச் சமத்துவம் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். கடையில் நான் தண்ணீரை வைத்துத்தான் சொல்வேன்.

கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிகிறது. மேட்டூரில் இருப்பு குறைந்தால் முறை வைப்பார்கள்: இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, இத்தனை நாள் அந்த ஆற்றுக்கு. வயிற்றெரிச்சலோடு ஏற்றுக்கொள்கிறோம். இருப்பது கொஞ்சம், அதை எல்லோருக்கும் பங்கு வைக்கிறார்கள். ஆனால் மதகு திறந்துவிடும் லஸ்கர் வாய்க்கால் தலைப்பில் நின்றுகொண்டு, "நீ ஆடுதுறை நெல் போட்டிருக்கிறாயா, திறக்கிறேன்; உளுந்து போட்டிருக்கிறாயா, மதகை இறக்குகிறேன்; இன்ன கடையில் விதை வாங்கியவனுக்கு முதலில்" என்றால்? கைகலப்பில்தான் முடியும்.

நெரிசலுக்கு முறை வைக்கலாம். பயிரைப் பார்த்து மதகை இறக்கக் கூடாது. அதாவது, எந்தத் தளம், எந்தச் செயலி என்று பார்த்துக் கம்பெனி பாகுபாடு காட்டக் கூடாது. இவ்வளவுதான் விஷயம்.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது, பலமாகவே இருக்கிறது. பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாக.

2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வாட்ஸ்அப், ஸ்கைப் போன்றவற்றைக் கட்டுப்படுத்தலாமா என்று 20 கேள்விகளோடு ஓர் ஆலோசனை அறிக்கை போட்டது. அடுத்த மாதமே ஏர்டெல் ஜீரோ என்ற திட்டம் அறிவிப்பானது. காசு கட்டிச் சேரும் நிறுவனங்களின் செயலிகளை வாடிக்கையாளர் டேட்டா செலவில்லாமல் பார்க்கலாம். இலவசம்தானே என்று முதலில் எனக்கும் தோன்றியது. காசு கட்ட முடியாத சின்ன நிறுவனம் என்ன ஆகும் என்று யோசித்தபோதுதான் புரிந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போயின. சேருவதாக இருந்த ஃபிளிப்கார்ட் விலகிக்கொண்டது. அதே சமயம் ஃபேஸ்புக், தான் தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்குப் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தது.

2016 பிப்ரவரி 8ஆம் தேதி டிராய் ஒரே போடாகப் போட்டது: எந்தத் தளம் பார்க்கிறீர்கள் என்பதை வைத்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம்.

அது விலை பற்றியது. வேகம் பற்றிய பரிந்துரை 2017 நவம்பரில் வந்தது. 2018 ஜூலையில் அரசு ஏற்றுக்கொண்டு, பிறகு நிறுவனங்களின் உரிம நிபந்தனையிலேயே சேர்த்தது. தடுப்பது, தரத்தைக் குறைப்பது, மெதுவாக்குவது, சிலவற்றுக்கு மட்டும் கூடுதல் வேகம் கொடுப்பது எல்லாம் கூடாது. இதில் நமக்கு முக்கியமான இடம் ஒன்று உண்டு. உள்ளடக்கத்தை வைத்து மட்டுமல்ல, கணினிகள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் நெறிமுறையை (புரோட்டோகால்) வைத்தும், கருவியை வைத்தும் பாகுபாடு கூடாது என்று அதில் இருக்கிறது. டோரன்ட் என்பது ஒரு நெறிமுறை. "டோரன்ட் என்பதால் குறைத்தோம்" என்று எந்த நிறுவனமும் எழுத்தில் சொல்ல முடியாது.

விலக்குகள் உண்டு. நெரிசல் நேரத்தில் நியாயமான போக்குவரத்து மேலாண்மை செய்யலாம், ஆனால் அளவோடு, தற்காலிகமாக, வெளிப்படையாக. அவசர காலம், கோர்ட் உத்தரவு, தனி வகைச் சேவைகள் ஆகியவை வேறு.

டேட்டா வரம்பு முடிந்ததும் வேகம் குறைகிறதே, அது இதில் சேருமா?

சேராது. 'வரம்பற்ற' என்று விற்கும் பல வீட்டு ஃபைபர் திட்டங்களில் மாதம் 3300 ஜிபி என்று ஒரு வரம்பு சின்ன எழுத்தில் இருக்கும். அது முடிந்தால் எல்லாமே மெதுவாகும், பயிர் பார்க்காத முறை. அந்தச் சின்ன எழுத்தைப் பெரிதாக அச்சடித்தால் என்ன என்பது என் தனிக் கேள்வி.

ராத்திரி 8 மணியிலிருந்து 10 மணி வரை எல்லாமே மெதுவாகிறது. காலையில் ஜம்மென்று வருகிறது. இது என்ன?

இதுதான் டெல்டாவில் உண்மையான நோய். மற்றதெல்லாம் இதற்கு முன்னால் சில்லறை.

உங்கள் தெருவுக்கு வரும் ஜிபான் என்ற வகை ஃபைபரில், கம்பெனிக் கருவியில் கம்பி செருகும் ஒரு போர்ட்டுக்கு இறங்குவழி சுமார் 2.5 ஜிபிபிஎஸ். அதை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 வீடு, 64 வீடு என்று பிரிப்பார்கள். 64 வீட்டுக்கும் 100 எம்பிபிஎஸ் திட்டம் விற்றிருந்தால் விற்றது 6.4 ஜிபிபிஎஸ், இருப்பது 2.5. இதை மோசடி என்று சொல்லமாட்டேன், எல்லோரும் ஒரே நொடியில் இழுக்கமாட்டார்கள் என்ற கணக்கில்தான் உலகமே ஓடுகிறது. சிக்கல் அதற்கு மேலே. உள்ளூர் கேபிள்காரர் பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. ஆயிரம் வீட்டுக்கு விற்றுவிட்டு, வாங்கியது முன்னூறு வீட்டுக்குப் போதுமான அளவு என்றால், ராத்திரி கிரிக்கெட் ஆரம்பித்ததும் தெரிந்துவிடும்.

தலைப்பில் இருப்பவனுக்கு வயல் நிறையத் தண்ணீர், கடைமடையில் வெடித்த மண். முத்துப்பேட்டை, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏ, பி, சி, டி என்று வாய்க்கால் கிளை பிரியப் பிரியத் தண்ணீர் எப்படி மெலிகிறதோ அப்படித்தான் இதுவும்.

இங்கேதான் எனக்குக் குறை. யாரையும் பாகுபடுத்தாமல், எல்லோருக்கும் சமமாக மோசமாகக் கொடுத்தால் நெட் நியூட்ராலிட்டி விதி ஒன்றும் செய்யாது. பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்ச வேகம் 2023லிருந்து 2 எம்பிபிஎஸ். அதற்கு முன் 512 கேபிபிஎஸ். 100க்குக் காசு வாங்கி 2 கொடுத்தாலும் அந்தச் சொல்லுக்குப் பழுதில்லை.

கம்பெனி குறைக்கிறதா, நெரிசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வைஃபையை விடுங்கள், லேன் கேபிளில் இணைத்துக்கொள்ளுங்கள். சீடர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் கோப்பாக எடுங்கள், புதிதாக வந்த உபுண்டு நல்ல தேர்வு. அதே கோப்பை முதலில் பிரவுசரில் நேரடியாகவும், அது முடிந்த கையோடு டோரன்ட்டிலும் இறக்குங்கள். ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவை, விடியற்காலை 4 மணிக்கு ஒரு தடவை. நாற்று விட்ட வீட்டில் எப்படியும் யாராவது அந்த நேரத்தில் எழுந்திருப்பார்கள்.

இரண்டும் 9 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்தால் அது நெரிசல். பிரவுசரில் எப்போதும் வேகமாகவும் டோரன்ட்டில் எப்போதும் மெதுவாகவும் இருந்தால் சிஜிநாட்டா என்று பாருங்கள். பிறகு டேட்டாவைப் பூட்டி வேறு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் போட்டு அதே டோரன்ட்டை ஓட விடுங்கள். உள்ளே என்ன போகிறது என்று கம்பெனிக்குத் தெரியாதபோது வேகம் பல மடங்கு ஏறினால் சந்தேகம் பலமாகிறது. ஒரு நாள் பார்த்தது போதாது, ஒரு வாரமாவது பாருங்கள். வீடியோ செயலிகளைச் சோதிக்க, அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய வெஹே என்ற செயலி உண்டு.

அப்போ எப்போதும் விபிஎன் போட்டே வைத்துக்கொள்ளலாமா?

சோதிக்க நல்லது, தினமும் என்றால் யோசியுங்கள். இலவச விபிஎன் வேண்டவே வேண்டாம். கம்பெனி பார்க்காததை அவர்கள் பார்ப்பார்கள். 2022ல் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்கச் சொன்னதும் சில பெரிய விபிஎன் நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. போகும் வழி நீண்டதால் வேகமும் கொஞ்சம் குறையும். முதலில் டோரன்ட் மென்பொருளிலேயே இருக்கும், டேட்டாவைப் பூட்டும் என்கிரிப்ஷனை ஆன் செய்து, போர்ட் எண்ணை மாற்றிப் பாருங்கள். பழைய பாணி வடிகட்டிக்கு அதுவே போதும்.

யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் கம்பெனிகளே காசு கொடுக்கட்டும் என்கிறார்களே?

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கமான சிஓஏஐ 2023ல் இதை உரக்கக் கேட்டது. எனக்கு ஒப்பவில்லை. தண்ணீர் வரி நாம் கட்டுகிறோம். விதைநெல் கடைக்காரரும் கட்டினால்தான் மதகு திறக்கும் என்பது என்ன நியாயம்? தென் கொரியாவில் இந்த மாதிரிக் கட்டணம் நடைமுறையில் இருக்கிறது. ட்விட்ச் என்ற வீடியோ நிறுவனம் செலவு கட்டுப்படியாகவில்லை என்று 2024 பிப்ரவரியில் அங்கே கடையைக் கட்டியது.

எங்கே புகார் செய்வது?

முதலில் கம்பெனிக்கு. போனில் பேசினாலும் புகார் எண் வாங்காமல் வைக்காதீர்கள், அந்த எண் இல்லாமல் அடுத்த படி எதுவும் இல்லை. பதில் திருப்தியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். டிராய் தனிநபர் புகாரைத் தீர்த்துவைப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருந்து ஏமாறாதீர்கள். தொலைத்தொடர்புத் துறைக்கு மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளம் வழியாக எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். டெலிகாம் விவகாரம் அங்கே செல்லாது என்று முன்பெல்லாம் விரட்டுவார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், செல்லும் என்று தீர்த்துவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

கேபிள்காரர் நம்ம ஊர்க்காரர், மாமா மச்சான் முறை. அவர் மேல் எப்படிப் புகார் கொடுப்பது?

இதைத்தான் எல்லோரும் கடைசியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். நியாயமான தயக்கம். 2018 நவம்பரில் கஜா அடித்துப் போட்டபோது, விழுந்த தென்னை மரத்துக்கு நடுவில் தோளில் கம்பிச் சுருளோடு முதலில் வந்தது அவர்தான்.

புகார் வேண்டாம், தாள் கொண்டு போங்கள். இன்ன தேதி, இன்ன நேரம், பிரவுசரில் இவ்வளவு, டோரன்ட்டில் இவ்வளவு. "ஸ்லோவா இருக்குண்ணே" என்றால் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார். தாளைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. நீடாமங்கலம் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் பதினைந்து நாள் இப்படிக் குறித்துக் காட்டினார். கேபிள்காரர் தலையைச் சொறிந்துவிட்டு, ஒரே போர்ட்டில் தொங்கிக்கொண்டிருந்த வீடுகளைப் பிரித்து இரண்டாக்கினார். ராத்திரி 9 மணிக்கு 14 வந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது 70 வருகிறது. டோரன்ட் இன்னும் சுமார்தான். அவருக்கு சிஜிநாட், தனி ஐபிக்கு மாதாமாதம் காசு கட்ட மனசு வரவில்லை.